அதிராம்பட்டினத்திலிருந்து வந்த போர்டு

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. மாடிக்கடை என்பதால் தப்பித்தேன். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பர் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

இன்று:
- காலேஜ் பையன் லேப்டாப், சார்ஜ் ஏறவில்லை
- வக்கீல் வீட்டு மெஷின், டிஸ்ப்ளே இல்லை
- சால்டரிங் டிப் வாங்க
- அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை

மாத்திரை மட்டும் வாங்கினேன். பதினோரு மணிக்கு அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை என் கடையைத் தேடி ஒரு பாய். சாகுல் ஹமீது. அறுபது வயது இருக்கும். துபாயில் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். லேப்டாப்பைக் கவரில் சுற்றி, அதன் மேல் துண்டு, துண்டுக்கு மேல் இன்னொரு கவர். மகள் ருக்சானாவுடையதாம். வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள்.

"பட்டுக்கோட்டையில ரெண்டு கடையில காமிச்சேன். போர்டையே மாத்தணுங்கிறாங்க. நீங்க போர்டுல இருக்கிற சின்னச் சின்ன சாமானையே மாத்துவீங்களாமே?"

"பாத்துட்டுச் சொல்றேன் பாய்."

பட்டனை அழுத்தினால் அசைவில்லை. கரண்ட் வாசல் வரை வருகிறது, உள்ளே போகவில்லை. மீட்டர் முனையை வைத்து வைத்து ஒவ்வொரு இடமாகப் பின்னால் போனேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் எள்ளில் பாதி அளவு ஒரு ரெசிஸ்டர். செத்துக் கிடந்தது. மாற்றினேன். விளக்கு எரிந்தது.

ஒன்று மட்டும் உறுத்தல். கடலோர ஊர் மெஷின்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. உப்புக் காற்று பட்டால் செம்பு பச்சை பூக்கும், வெள்ளையாகப் பொருக்கு கட்டும். இது கறுப்பு. மைக்ராஸ்கோப்பில் மயிரிழை மயிரிழையாக. ஃபேன் காற்றை இழுக்கும் பக்கம் அதிகம்.

"ஏதாச்சும் கொட்டிச்சா பாய்? பினாயில், ஆசிட் மாதிரி?"

"அந்தப் புள்ள தண்ணி கூடப் பக்கத்துல வெச்சுக்காதும்மா."

சுரண்டி, துடைத்து, புது ஈயம் வைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு முந்தின கூட்டம் துணிக்கடைகளில். இங்கே ஈ இல்லை. வக்கீல் மெஷின் முடிந்தது. கேபிள்தான். சிரிப்பாக வந்தது. அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைவு.

அக்டோபர் 29, புதன்

மழை விட்டு விட்டு. பாய் மறுபடி வந்தார். அதே லேப்டாப். அதே துண்டு.

"ரெண்டு வாரம் தாங்கலையே தங்கச்சி. உங்க பேரைக் கேட்டுத்தான இவ்வளவு தூரம் வந்தேன்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

லேப்டாப் இல்லாததால் ருக்சானாவுக்கு இன்று லீவு. இன்னும் ஒரு முறை இப்படி ஆனால் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஆபீசில் சொல்லிவிட்டார்களாம்.

அவர் போனதும் பிரித்தேன். நான் வைத்த ரெசிஸ்டர் நன்றாக இருக்கிறது. பக்கத்தில் இருந்த இன்னொன்று போய்விட்டது. அதுவல்ல பயம். போன தடவை சுரண்டி மினுமினுவென்று விட்ட செம்பு முனைகள் கரி பூசின மாதிரி. இரண்டே வாரத்தில். பத்து வருடம் சேற்றில் கிடந்த போர்டு கூட இப்படி ஆகாது.

நான் பயன்படுத்தும் திரவத்தில் கோளாறா? அதே பாட்டிலில் துடைத்த மற்ற போர்டுகளை எடுத்துப் பார்த்தேன். சுத்தம்.

அக்டோபர் 31, வெள்ளி

கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் போன். விடுமுறை நாள், சமையல் செய்துகொண்டே பேச்சு. மீன் கிடைக்கவில்லையாம், கோழியாம். அங்கே எரிவாயு பிளாண்டில் சாரம் கட்டும் வேலை, ஒன்பது வருடமாக. நான் பேச்சுவாக்கில் கறுத்த செம்பைப் பற்றிச் சொன்னேன். கரண்டிச் சத்தம் நின்றது.

"கலா, அந்த வீட்டுல வாசனை ஏதாச்சும் வருதான்னு கேளு."

"என்ன வாசனை?"

"முட்டை அழுகின வாசனை. இங்க பிளாண்டுல அந்த கேஸ் இருக்கு. செம்பு, வெள்ளி எல்லாத்தையும் கறுப்பாக்கிடும். நாங்க நெஞ்சுல சின்ன மிஷின் மாட்டிக்கிட்டுத்தான் ஏறுவோம். கத்துச்சுன்னா போட்டது போட்டபடி ஓடணும்."

"வாசனையை வெச்சே ஓடலாமே?"

"அதான் கூடாதுங்கிறாங்க. மூக்கு மரத்துப்போயிடும். வாசனை வந்துட்டு அப்புறம் நின்னுச்சுன்னா, கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல."

இதற்குப் பிறகு அம்மா கால் வீக்கம், கேஸ் சிலிண்டர் புக்கிங் என்று பேசினோம். எதுவும் காதில் ஏறவில்லை.

நவம்பர் 1, சனி

ருக்சானாவிடம் போனில் பேசினேன். முதல் தடவை அவள் குரலைக் கேட்கிறேன். களைத்த குரல்.

"வாசனையா? ஆமாக்கா, புது ரூமுக்கு வந்த புதுசுல வந்துச்சு. சாக்கடைன்னு நினைச்சோம். இப்ப வர்றதே இல்ல."

"தலைவலி?"

"அது இல்லாத நாள் ஏதுக்கா. கண்ணு எரியுது. ஸ்க்ரீனையே பாக்குறதுனாலன்னு உம்மா கண்ணாடி வாங்கிக் குடுத்துச்சு. ஞாயித்துக்கிழமை லீவுல நல்லாத்தான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த அறைக்குள் போவதில்லையாம்.

நவம்பர் 3, திங்கள்

போர்டைச் சரிசெய்து நானே எடுத்துப் போனேன். பட்டுக்கோட்டை வரை பஸ்ஸில் நிற்க இடமில்லை. வழியெல்லாம் நடவு முடிந்த வயலில் தண்ணீர் வரப்பைத் தொட்டு நிற்கிறது. "இன்னும் ஒரு மழை பேஞ்சா பயிர் அழுகிடும்" என்று பின்சீட்டில் ஒருவர்.

வீடு பெரியது, பாதி பழசு, பாதி புதுசு. ருக்சானாவின் அறை புதுப்பாதியில் கடைசி. மழைச் சாரலுக்கு ஜன்னல் சாத்தி இருந்தது. வாசலிலேயே எனக்கு அடித்தது. அழுகல், லேசாக. உள்ளே இருந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அவள் காலில் வெள்ளிக் கொலுசு. கன்னங்கரேல்.

"உடம்பு சூடு. எலுமிச்சை போட்டுக் கழுவிக் குடுத்தாலும் நாலு நாள்ல கறுத்துடுது" என்றார் உம்மா.

"உங்க கொலுசு?"

உம்மா காலை நீட்டினார். வெள்ளையாக இருந்தது. அவர் சமையல்கட்டுப் பக்கம்தான் இருப்பார்.

மேசைக்கு அடியில் குனிந்தேன். ஒயர் கொண்டு வர தரையில் பதித்த பைப் ஒன்று வாய் திறந்து கிடந்தது. அதற்கு நேர் மேலேதான் அவள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தைக் கிட்டே கொண்டு போனதும் தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர். வேகமாக எழுந்ததில் மேசையில் மண்டை இடித்துக்கொண்டேன். இப்போதும் வீக்கம்.

"இந்த ரூமுக்குக் கீழ என்ன பாய் இருக்கு?"

பாய் யோசித்தார். முகம் மாறியது. "பழைய செப்டிக் டேங்க். மூடித்தான் ரூம் எடுத்தோம். மேல ஒரு காத்துக் குழாய் போச்சு, அசிங்கமா இருக்குன்னு கொத்தனார்ட்ட சொல்லி அறுத்துட்டேன்."

"பாப்பாவை இந்த ரூம்ல உக்கார வைக்காதீங்க. இன்னையிலேர்ந்து."

"யா அல்லாஹ், புள்ளைய நானே..." என்று பாதியில் நிறுத்தினார். உம்மா அதற்குள் மேசையை இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

கிளம்பும்போது நான் சொன்னது. சரியாக இந்த வார்த்தைகள்: "ஆளைக் கூப்பிட்டு அந்த டேங்க்கைத் தொறந்து சுத்தம் பண்ணிடுங்க பாய்."

"நாளைக்கே பண்ணிடுறேம்மா. வெளிய கொல்லைப் பக்கம் மூடி இருக்கு."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட். பெருமையாக இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன். கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாததை ஒரு போர்டு எனக்குச் சொல்லிவிட்டது என்று. வந்ததும் இவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், ஐந்து நிமிடத்துக்கு.

நவம்பர் 4, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பத்தரைக்கு வேலை இடைவேளையில் இவர் போன். நான் பாராட்டை எதிர்பார்த்து எடுத்தேன்.

"தொறக்கச் சொன்னியா? யாரு இறங்குறா?"

"யாரும் இறங்க வேணாமே. லாரிக்காரங்க பைப் விட்டு உறிஞ்சுவாங்க."

"பழைய டேங்க், அடியில கட்டிப்போய்க் கெடக்கும் கலா. உறிஞ்ச வராது. யாராச்சும் இறங்குவாங்க. உடனே போனப் போடு."

ருக்சானா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"வந்துட்டாங்கக்கா. ரெண்டு பேரு. ஒருத்தர் உள்ள போறாரு, தடி எட்டலைன்னு..."

"வேணாம்னு சொல்லு! மேல ஏறச் சொல்லு!"

அவள் கத்துவது கேட்டது. பிறகு ஒரு சத்தம். மூட்டை விழுந்த மாதிரி. பிறகு ஓர் ஆண் குரல், "மாமா! மாமா!"

"அக்கா, விழுந்துட்டாரு. அசையல. இன்னொருத்தர் தூக்கப் போறாருக்கா."

"விடாதே! அவரைப் புடி! சட்டையைப் புடி! அவரும் எறங்குனா அவரும் போயிடுவாரு!"

போன் கீழே விழுந்துவிட்டது போல. பாய் ஓடி வரும் சத்தம், உம்மா அழுகை, "விடுங்க, மாமா கெடக்குறாரு, விடுங்கங்க" என்று அந்த ஆள். நான் கடை நடுவில் நின்று யாருமில்லாத போனில் கத்திக்கொண்டே இருந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். அவர் போனில்தான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம்.

முகமூடி போட்டு இறங்கித் தூக்கியிருக்கிறார்கள். உயிர் இருக்கிறதாம். தஞ்சாவூருக்குக் கொண்டு வருகிறார்களாம்.

எங்கள் தெருவில் இந்த வேலைக்குப் போனவர்கள் உண்டு. என் சித்தப்பாவே போனவர். மூட்டை கட்டி வைத்த மாதிரி மறந்துவிட்டேன் அதையெல்லாம், மைக்ராஸ்கோப் வாங்கியதும். கேஸ் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டேன், அதைத் திறந்தால் யார் இறங்குவார் என்று நினைக்கவில்லை. நினைக்க வேண்டியவள் நான்தான்.

நவம்பர் 5, புதன்

கடை திறக்கவில்லை. பாய் போன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசினார். கேஸ் எழுதுகிறார்கள்.

"தொறக்கச் சொன்னது நான்தான் பாய். நான் வந்து சொல்றேன்."

"நீங்க தொறக்கத்தாம்மா சொன்னீங்க. அவரு இறங்குறதைப் பாத்துக்கிட்டு நின்னது நான். இறங்குங்கன்னு நான் சொல்லல. வேணாம்னும் சொல்லல."

ருக்சானாவுக்கு விரல் நகம் இரண்டு பெயர்ந்துவிட்டதாம், சட்டையைப் பிடித்ததில்.

நவம்பர் 6, வியாழன்

பெரியாஸ்பத்திரி. விழுந்தவர் பெயர் ஆறுமுகம். பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமம். மூக்கிலும் வாயிலும் குழாய். கண் திறக்கவில்லை. மார்பு மட்டும் மெஷின் சொல்கிறபடி ஏறி இறங்குகிறது. வெளியே அவர் மனைவி வசந்தா, என் வயதுதான். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு.

"நீங்க யாருங்க?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்க. அன்னைக்குப் போன்ல..."

அவர் எழுந்துவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எந்தம்பி குமார இழுத்து நிறுத்தச் சொன்னது நீங்கதானா? அவன்தான் சொன்னான். நீங்க இல்லன்னா ரெண்டு பேரும் போயிருப்பாங்க அக்கா."

திறக்கச் சொன்னதும் நான்தான். அதைச் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சாப்பிட முடியாதவருக்கு ஆரஞ்சு.

நவம்பர் 8, சனி

சொல்லிவிடுவதென்று காலையிலேயே கிளம்பினேன். தூறல். குடை எடுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் கண் திறந்துவிட்டாராம். குழாயை எடுத்திருக்கிறார்கள். முதலில் கேட்டது, "குமாரு எறங்குனானா?" இல்லை என்றதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாராம். ஒரு பக்கக் கை சரியாக வரவில்லை. ஞாபகம் விட்டுவிட்டு வருகிறது. டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

வராந்தாவில் வசந்தாவிடம் சொன்னேன். போர்டு, கொலுசு, பைப், கடைசியாக வாசலில் நான் சொன்ன வார்த்தை. எல்லாம். அவர் டிபன் கேரியரின் பிடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை.

"யாராச்சும் ஒருத்தர் கூப்பிடத்தான் செய்வாங்க. நீங்க இல்லன்னா வேற ஆளு."

பக்கத்தில் ஒரு கிழவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். புயல் சின்னமாம்.

"தம்பி எங்க காணோம்?" என்று கேட்டேன்.

"வேலைக்குப் போயிருக்கான்."

"என்ன வேலைக்கு?"

வசந்தா என்னைப் பார்த்தார். "எங்களுக்கு வேற என்ன வேலைங்க? இவரு ஒத்துக்கிட்ட வீடு. மழையில டேங்க் பொங்குதுன்னு நாலு நாளா அந்த வீட்டுக்காரங்க போன் மேல போன். திருவாரூர் பக்கம். துணைக்கு யாரையோ கூட்டிக்கிட்டு விடியக்காலையிலயே போயிட்டான்."

"எந்த ஊரு?"

"அது தெரியலீங்களே. இவருக்குத்தான் தெரியும்."

உள்ளே போய் ஆறுமுகத்திடம் கேட்டார். அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். உதடு அசைந்தது. ஊர் பெயர் வரவில்லை.

குமாரின் நம்பர் வாங்கினேன். வராந்தாவில் உட்கார்ந்து அடிக்கிறேன், நடுநடுவே இதை எழுதுகிறேன். மணி பத்து நாற்பது. ஏழு தடவை ஆயிற்று. மணி போகிறது. எடுக்கவில்லை. வசந்தா என் பக்கத்தில் வந்து நின்று, எட்டாவது தடவை நம்பரைத் தானே அழுத்துகிறார்.