டிவியில் தெரிந்த அப்பா

வியாழன் இரவு. அம்மா தூங்கிவிட்டாள்.

இன்று குவைத்தில் குவைத்துக்கும் இந்தியாவுக்கும் கால்பந்து ஆட்டம். சொந்த ஊரிலேயே குவைத் அணிக்குக் கைதட்ட ஆளில்லை. அரங்கம் முழுக்க நம் ஆட்கள். அங்கே வேலை பார்க்கும் அப்பா டிவியில் ஒரு நொடி தெரிந்தார், கொடியைப் போர்த்திக்கொண்டு கத்தினார். அம்மா துள்ளிக் குதித்தாள். நான் குதிக்கவில்லை. காய்ச்சல் என்று முதலாளியிடம் பொய் சொல்லித்தான் அப்பா லீவு எடுத்தார். அது எனக்கு மட்டும் தெரியும். பொய் சொன்னால் அந்த முதலாளி ஊருக்கே அனுப்பிவிடுவாராம்.

எங்களோடு பார்த்த சித்தப்பா, அப்பா டிவியில் தெரிந்ததைப் போனில் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அவரும் முன்பு அதே முதலாளியிடம் வேலை பார்த்தவர்.

"எடுத்துடுங்க சித்தப்பா."

"ஏன்டி? நம்ம வலங்கைமான் ஊரே பாக்கட்டும்!" போனைப் பார்த்துச் சிரித்தார். "அட, மொதலாளியே பாத்துட்டாரு. அவங்க டீமுக்குக் கைதட்ட ஆளில்லேன்னு கடுப்பாயிருப்பாரு!"

அப்போதிருந்து அப்பாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். எடுக்கவில்லை. அம்மாவை எழுப்பிச் சொல்லிவிடலாமா?