ஆறாவது காலில் சிவப்பு ஒயர்

நெப்ராஸ்கா, ஜூலை 19

அன்புள்ள ஜோலீனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் உன் தங்கை டாராவும் நலம், நானும் நலம், வலது மணிக்கட்டு மட்டும் நலமில்லை. அலாஸ்காவில் படகோட்டும் உனக்கு எல்லா உறுப்பும் நலமாக இருக்கட்டும். கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்ல டாரா எழுதுகிறாள். (அடைப்புக்குள் வருவது மட்டும் என் சரக்கு, அக்கா.)

மக்காச்சோளம் பூ எடுக்கும் வாரம், மழை இல்லை, இப்போது தண்ணீர் தவறினால் கதிரில் மணி பிடிக்காது. இந்த நேரம் பார்த்து, சக்கரக் கால்களில் நடந்து நடுத்தூணைச் சுற்றிவரும் நம் நீளக் குழாய்ப் பாசன மிஷின் மூன்று தரம் நின்றுவிட்டது. தானாக அல்ல, நடுத்தூணில் இருக்கும் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன, பக்கத்து வயல் லேவெர்ன்தான். ரோட்டில் எதிரே வந்தால் வணக்கத்துக்கு ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவானே, இந்த வாரம் அதுவும் இல்லை. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறான், நான் எடுக்கவில்லை. (மிஷின் சுற்றவில்லை, அப்பாவுக்குத் தலைதான் சுற்றுகிறது.)

முந்தாநாள் ஏணி வைத்து ஆறாவது சக்கரக் காலின் பெட்டியைத் திறந்தேன். ஒரு கால் பின்தங்கிக் குழாய் கோணினால் மொத்த மிஷினையும் நிறுத்துகிற சுவிட்சை மீறி, குறுக்கே ஒரு சிவப்பு ஒயர்! இனி எவ்வளவு கோணினாலும் நிற்காது, முறுக்கிக்கொண்டு கவிழும். கொலைகாரன் என்று பதறி இறங்கியதில்தான் மணிக்கட்டு பிசகியது. ஷெரீஃபுக்குப் போன் போடப் போனேன். டாரா ஒயரைப் பார்த்துவிட்டு, "ஏப்ரல்ல மிஷின் நகரலைன்னு என் கிடார் ஒயரை வெட்டுனது யாருப்பா? ஓரத்துக்குக் கொண்டுவந்ததும் கழட்டிடறேன்னு சொன்னது யாரு?" என்றாள். (அப்பாவின் முகத்துக்கும் ஒயர் நிறம் வந்தது.)

லேவெர்ன் வயலில் போய் நின்றேன். அவன் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. "ஆறாவது கால் அப்படியே நிக்குது, மத்ததெல்லாம் அதுபாட்டுக்கு நடக்குது, குழாய் வில்லா வளையுது. மூணு தரமும் ஓடிப்போய் நிறுத்தினேன். சொல்லலாம்னா தொரை போன் எடுக்கல. உனக்காகன்னு நெனச்சுக்காத, அது விழுந்தா என் வேலி மேலதான்யா விழும்" என்றான். நேற்றுக் காலை கூப்பிடாமலே ஜாக்கியோடு வந்து நின்றான். அந்தக் காலின் பல்சக்கரப் பெட்டியில் சொட்டு எண்ணெய் இல்லை. "இதையும் நான்தான் குடிச்சிட்டேன்னு சொல்லுவியே" என்று கேட்டுக்கொண்டே புதுப் பெட்டியை மாட்டிக் கொடுத்தான். தண்ணீர் ஓடுகிறது, சோளம் தப்பியது.

உன் படகு மோட்டாரில் அவசரத்துக்கு எதையாவது மாட்டினால், சீட்டில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவை, மறக்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அவன் போனபின் ஆறாவது காலிலிருந்து வேலிவரை நடந்து அளந்தேன். எழுநூறு அடி. விழுந்தால் அவன் வேலிக்கு ஒரு கீறல்கூட விழாது.

அன்புடன்,
அப்பா டெல்வின்