உறவுமுறை என்றொரு கட்டம்

3-9-84, திங்கள்

மழை. தேக்காவில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் சேலை நனைந்துவிட்டது. எங்கள் படிப்பகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. செயலாளர் வேலை செய்யும் கம்பெனியில் கழித்துக் கட்டியது. உறுப்பினர் அட்டைகளை அதில் ஏற்ற வேண்டும். அட்டையில் பதினேழு கட்டம், திரையில் பன்னிரண்டுதான் தெரியுமாம். எதைக் காட்டுவது, எதை விடுவது? கிளார்க் நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஏன் இந்த வம்பு.

வேண்டாதவை:
கம்பத்து விலாசம் (அந்தக் குடிசைக் கிராமங்களே இப்போது இல்லை)
வந்த கப்பல்
போன் உள்ள பக்கத்து வீடு

குடை ரிப்பேர். கறிவேப்பிலை.

4-9, செவ்வாய்

வெயில். செயலாளர்: "அறிமுகம் செய்தவர், உறவுமுறை, ரெண்டையும் தூக்கிடுங்கம்மா. இப்பத்தான் அந்த ரூல் இல்லையே." சரி என்றேன்.

என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். 1971. உறுப்பினரின் சொந்தக்காரர்தான் சேரலாம் என்று அப்போது சட்டம். எனக்கு யாரும் இல்லை. பின்னால் நின்ற உறுப்பினர் ஒருவர், முன்பின் தெரியாதவர், பேனாவை வாங்கி எழுதினார். அறிமுகம் செய்தவர்: சேகர். உறவுமுறை: முறைப்பெண்.

"என்ன திமிர் உங்களுக்கு!"

"சொந்தம்னா ஏதாச்சும் எழுதணும் லா."

இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தையில் கல்யாணம்.

அவர் போய் இரண்டு வருஷம். அட்டையைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தச் சொல் படிப்பகத்துப் பதிவில் இருக்க வேண்டும். எல்லார் முன்னாலும்தானே எழுதினார்.

5-9, புதன்

கம்ப்யூட்டர் அமைக்க ரோசலின் வந்தாள், ஆங் மோ கியோ பேட்டைப் பெண். கெட்டிக்காரி. மசால்வடை வாங்கி வந்தாள்.

"அந்த ரெண்டு கட்டமும் அழிஞ்சிடுமா?"

"அழிக்கல அக்கா, ஹைட் பண்றோம். இந்தக் கீயை அழுத்திப் பிடிச்சா வரும்."

"தமிழ்ல?"

"இங்கிலீஷ் மட்டும்தான். கட்டத்துக்கு எட்டு எழுத்து."

முறைப்பெண்ணை இங்கிலீஷில் எழுதினால் ஒன்பது எழுத்து. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், புக்கிட் பாத்தோக் வரை, விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

6-9, வியாழன்

என் அட்டையைத்தான் முதலில் ஏற்றினேன். இரண்டு 'பி'யில் ஒன்றை விட்டுக்கொடுத்ததில் முறைப்பெண் எட்டில் அடங்கியது.

"கசின்னு போட்டா போதாதா அக்கா?"

"போதாது."

"யாருக்கு முறைப்பெண் நீங்க?"

"அன்னைக்கு யாருக்கும் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

திரையில் பெயர், வயது, விலாசம். திருமண நிலை: விதவைக்கு ஓர் எழுத்து, டபிள்யூ. கீயை அழுத்தினேன். முறைப்பெண் வந்தது. விரலை எடுத்தேன், மறைந்தது. மறுபடி அழுத்தினேன்.