மழை அழித்த ‘கு’

அன்பு மகன் நிமலனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் ஆடு இரண்டும் சுகம், எல்கடுவ மழையும் வழக்கம்போல் சுகமாகவே பெய்துகொண்டிருக்கிறது, அங்கே வடக்கு வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்லூரியில் போன் தரும் பத்து நிமிடத்தில் ஒன்பதரையை அம்மா எடுத்துக்கொள்கிறாள், மிச்ச அரை நிமிடம் நான் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு முடிந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. நான் சொல்லப் போவது உன் அம்மாவின் பாஷையில் பாவசங்கீர்த்தனம். அதைக் கேட்கும் அதிகாரம் உனக்கு இன்னும் வரவில்லை என்று தெரியும், அப்பாவின் பாவத்தை வைத்துப் பழகிக்கொள்.

போன மாதம் உன் கல்லூரியிலிருந்து கட்டணக் கடிதம் வந்தது. மறைமாவட்டம் பாதி, வீடு பாதி என்பது முன்பே தெரிந்ததுதான், ஆனால் நம் பாதி நாற்பதாயிரம் என்பதும், அது மாத முடிவுக்குள் வராவிட்டால் நீ இந்தப் படிப்புத் தவணை வீட்டில் இருந்துவிட்டுப் பணம் சேர்ந்தபின் வரலாம் என்பதும் அதில்தான் இருந்தது. கூடவே ஒரு பட்டியல், வெள்ளை அங்கி இரண்டு, போர்வை ஒன்று, ஃபுட்போல் சப்பாத்து ஒரு சோடி. சாமியாருக்கு எதற்கு ஃபுட்போல் சப்பாத்து என்று அம்மாவிடம் கேட்டேன், பிசாசை உதைக்க என்றாள். அந்தக் கடிதம் என் கைக்கு வருமுன் தேயிலைத் தோட்டத்தின் காதுக்குப் போய்விட்டது. அன்று சம்பள நாள், சம்பளமும் தபாலும் தரும் ஒபீஸ் ஜன்னலுக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்கிறோம். உறை மழையில் நனைந்து, அனுப்பிய இடத்தின் பெயரில் முதல் எழுத்து மட்டும் கரைந்துபோய் ‘ருத்துவக் கல்லூரி’ என்று நின்றது. கிளாக்கர் தியாகராஜா ஐயா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, “என்ன சிவலிங்கம், சொல்லாமலே விட்டிட்டீர், மகன் மருத்துவக் கல்லூரியிலயோ?” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அது சாமியாருக்குப் படிக்கும் குருத்துவக் கல்லூரி என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன், ஆனால் அது போதுமாக இருந்தது.

ஏன் சிரித்தேன் என்றால், மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிப் பொருளாளர், பெயரே சிவலிங்கம், அவன் மகன் கத்தோலிக்க வேதத்தில் சாமியாராகப் போகிறான் என்று எந்த வாயால் சொல்வது? இந்த லயத்து வீடுகளில் வேதக்காரி உன் அம்மா ஒருத்திதான், அவளையும் பேசாதே என்று கட்டிவைத்திருந்தேன், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு வருசமாகப் ‘பெரிய படிப்பு’ என்றே சொல்லிவந்தேன். இப்போது பெரிய படிப்புக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. அதன்பிறகு ஒன்பது நாள் நான் டொக்டரின் அப்பா. உக்குவளையில் றினோஸ் கடையில் தேத்தண்ணீருக்குக் காசு நீட்டினால், “டொக்டர்ட வாப்பாகிட்ட காசு எடுக்கிறதா?” என்று கையைத் தட்டிவிட்டார். இரண்டாம் நாள் வேண்டாம் என்றேன், மூன்றாம் நாளிலிருந்து ஒரு வடையும் சேர்த்து எடுத்தேன். வழியில் கண்டவர்கள் டொக்டருக்குக் காட்டுவதுபோல் நாக்கை நீட்டிக் காட்டினார்கள், நானும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மகன், எனக்கு அது பிடித்திருந்தது. நீ போன அன்று நான் பஸ் வரைக்கும் வராமல் ஆட்டுக்குக் குழை வெட்டப் போனேனே, அன்றைக்கு எனக்கு இருந்த ஆசை இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரண உதவிச் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் நிரூபன், அதுதான் நம் த்ரீவீல்காரர், எழும்பி, “நம்ம புள்ள டொக்டரா வந்தா தோட்டத்துல சாவு கொறையும், சாவு கொறைஞ்சா சங்கத்துக்கு லாபந்தானே, ஃபீஸ சங்கமே கட்டிரும்” என்றார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள், நானும் தூக்கிவிட்டேன். பணம் அடுத்த ஞாயிறு தருவதாக முடிவு. உன் அம்மா அன்றிரவு எனக்குச் சோறு போட்டாள், கறி போடவில்லை. ஏழு வருசப் படிப்புத்தானே, அதற்குள் எல்லாருக்கும் மறந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன், உப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் விஜிதா நொண்டி நொண்டி வந்தாள். கொழுந்தெடுத்துத் தேய்ந்த அவள் முழங்காலை உனக்குத் தெரியும், கண்டிக்குப் போய் டொக்டரிடம் காட்டவென்று மூவாயிரத்தி ஐந்நூறு சேர்த்து வைத்திருந்தாள். அதைச் சேலை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்து, “டொக்டர்மாரு காதுல மாட்டிக் கேக்குற கொழாய், அத தம்பிக்கு நான் வாங்கிக் குடுக்குறேங்கண்ணே. என் காலுக்கு என்ன அவசரம், நம்ம புள்ளயே வந்து பாக்கட்டும்” என்றாள். நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், இதைவிடக் கேவலமாக நான் ஒன்றும் செய்ததில்லை.

ஞாயிறு சங்கத்தில் நிரூபன் கவரை நீட்டும்போது எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவமில்லை, குருத்துவம், என் மகன் சாமியாராகப் போகிறான் என்றேன். பணம் போய்விட்டது, பொருளாளர் வேலையும் போய்விட்டது, நீ பெட்டியோடு வந்து இறங்கப் போகிறாய் என்றே நினைத்தேன். நிரூபன் தலையைச் சொறிந்தார். “டொக்டரா வந்தா சாவ கொறைப்பாரு. சாமியாரு கொறைக்க மாட்டாரு, ஆனா சாவு வீட்டுக்கு வருவாருதானே? சைவக்காரங்க சாவுக்கும் வந்து கூட நிப்பாரா?” என்று கேட்டார். உன்னைக் கேட்காமலே நிற்பான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்படியென்றால் இது சங்கத்து வேலைதான் என்று தீர்மானம் ஆயிற்று. சங்கத்துச் செயலாளரும் தியாகராஜா ஐயாதானே, புத்தகத்தைத் திறந்து ‘ம’வை வெட்டி மேலே ‘கு’ என்று எழுதி, “ஓர் எழுத்துத்தானே சிவலிங்கம், பிழை என்ர கண்ணாடியில” என்றார். பிழை கண்ணாடியில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கட்டணம் மறுநாளே வங்கியில் கட்டியாயிற்று. றினோஸுக்கும் ஏழு தேத்தண்ணீர், ஆறு வடைக்கான காசைக் கொடுத்துவிட்டேன்.

விஜிதா கால் நோவென்று கூட்டத்துக்கு வரவில்லை, வீட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். திட்டினாள், நன்றாகவே திட்டினாள். பிறகு, சாமியாருக்குப் படிக்கிறவன் என்னதான் செய்வான் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவில், சனங்கள் மனதில் இருப்பதைச் சொன்னால் கேட்பான் என்றேன். “கண்டி டொக்டரு ரெண்டு நிமிசந்தான் கேப்பாராம். தம்பி காதுல ஒண்ணும் மாட்டாமலே முழுசா கேக்குமா?” என்றாள். கேட்கும் என்றேன். எண்ணி எண்ணி மூவாயிரத்தி நானூற்றை எடுத்துக்கொண்டு, ஒரு நூறு ரூபாவை மட்டும் என் கையில் திருப்பி வைத்து, அப்ப இது அதுக்கு என்றாள். அந்த நூறு ரூபா இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. அதைக் கல்லூரியில் கட்டாதே, சப்பாத்தும் வாங்காதே. லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வருமுன் அவளிடம் போய், காலைப் பற்றி அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திரு. நேரமானாலும் பரவாயில்லை, இந்த முறை நான் பஸ்ஸடியில் நின்று உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் பந்தடிக்காதே, பதில் எழுதும்போது உறையில் ‘கு’வை போல்பென்னால் பெரிதாகப் போடு, இங்கே மழை விடவில்லை. மாரியம்மனும் அம்மாவின் மாதாவும் தங்களுக்குள் பேசி ஒத்துப்போய் உன்னைக் காப்பாற்றட்டும்.

ஒன்பது நாள் டொக்டரின் அப்பாவாக இருந்து,
இனிச் சாகும்வரை சாமியாரின் அப்பாவாக இருக்கப் போகும்,
சிவலிங்கம்