எண்ணூர் துளையின் சூடு

ஆகஸ்ட் 6, 2025

இந்நேரத்துக்கு உன்னை எடுத்ததுக்கு மன்னிச்சுக்கோ, டைரி. மகன் ஜெனிஷ் இப்போதுதான் தூங்கினான். மணலி ஆலைகள் பக்கமிருந்து புகைக்காற்று வந்தாலே பிள்ளைக்கு இழுப்பு.

எண்ணூர் குப்பத்தில் இருநூறு மீட்டர் துளை முடிந்தது. பூமிக்கடியில் எவ்வளவு சூடு, அதில் கரண்ட் எடுக்கலாமா, மீன் காயவைக்கவாவது தேறுமா என்று அளந்து பார்க்கிறது என் வேலை. துளைக்குள் இறக்கிய குழாயைச் சுற்றி நேற்றுதான் சிமெண்ட் ஊற்றினார்கள். ஒரு மாதமாவது ஆறவிட்டுத்தான் அளக்கணும்.

ஆகஸ்ட் 7

"அதிகாரிங்க வராங்கம்மா, ஏதாவது ஒரு நம்பர் குடு" என்றார் மேலாளர் ராமசுப்பு. தெர்மாமீட்டரை இறக்கினேன். அடியில் நாற்பத்துமூன்று டிகிரி! இந்த ஆழத்தில் வழக்கமாக முப்பத்தைந்துதான் இருக்கும். புகையே இல்லாத சூடு, நம்ம ஊரில்!

கருவாடு போடும் பெண்கள் குழுவின் தலைவி குணசுந்தரி அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், பூமிக்கு ஜொரமா? எவ்ளோ கீது?" சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"மழைல எங்க மீனு அதுல காயுமா? கரெக்டா சொல்லு. ஒரு டிரஸ்ட்காரன் வெயில்ல காயவெக்கிற ஷெட்டு கட்டித் தரேன்றான். நாளைக்குள்ள பதில் சொல்லணும். வாங்கிக்கட்டா, இதுக்கு நிக்கட்டா?"

"மழையில வெயில் ஏதுக்கா? இது ராப்பகலா காயும். நில்லுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 8

டிரஸ்டை வேண்டாமென்று அனுப்பிட்டாங்களாம்.

செப்டம்பர் 12

முப்பத்தைந்து.

திரும்பத் திரும்ப இறக்கினேன். முப்பத்தைந்துதான். அன்றைக்கு நான் அளந்தது பூமியை இல்லை, இறுகிக்கொண்டிருந்த சிமெண்டை. தளம் போட்ட மறுநாள் கை வைத்தால் வெதுவெதுன்னு இருக்குமே, அந்தச் சூடு. கல்லூரியில் படித்ததுதான். தெரியும். தெரிஞ்சும் 'பொறுங்கக்கா, இன்னும் ஆறலை'ன்னு ஒரு வார்த்தை ஏன் வாயில வரல? பிள்ளை நல்லா மூச்சு விடணும்கிற ஆசையில் கண்ணு மறைஞ்சு போச்சா?

இதில் கரண்டும் வராது, கருவாடும் காயாது. "ரிப்போர்ட்ல ரெண்டு நம்பரும் இருக்கட்டும்மா" என்கிறார் ராமசுப்பு சார். பழையதை அடித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

செப்டம்பர் 15

டிரஸ்டுக்குப் போன் போட்டேன். ஷெட் வேறு குப்பத்துக்குப் போயாச்சு.

செப்டம்பர் 16

அக்காவிடம் நேரில் சொன்னேன். மீன் கூடையை இறக்காமலே கேட்டார்.

"நீ அளந்தியா, கனா கண்டியா?"

முப்பத்தைந்துன்னு எழுதின நோட்டை நீட்டினேன், அக்கா வாங்கலை.

"படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு அத்தினி பேராண்டயும் சண்ட போட்டேன். இப்ப அவளுங்க மூஞ்சில எப்டி முயிக்கறது?"

நாலடி போனவர் திரும்பாமலே கேட்டார்: "கொயந்திக்கு இப்ப எப்டி கீது?"

திட்டியிருக்கலாம் அக்கா. இன்னும் நல்லா திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 21

ரெண்டு நாளாக மழை விடலை. குப்பத்துக்குப் போனேன். தார்ப்பாய்க்குக் கீழே பாதி காய்ந்த மீன், புழு வைத்துக் கிடக்கிறது. பெண்கள் யாரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கலை. குணசுந்தரி அக்கா என்னைக் கண்டதும் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

அக்டோபர் 22

மாமனாரிடம் மீன் காயவைக்க அவர் குடோனைக் கேட்டேன். "குடோன் முழுக்க கவிச்சி அடிக்கும்" என்று முனகினார். அப்புறம் சாவியைத் தந்துவிட்டார். அக்காவுக்கு அனுப்பிய மெசேஜை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

"அக்கா, விம்கோ நகர்ல எங்க மாமனார் குடோன் காலியா இருக்கு. கூரை ஒழுகாது. பெரிய ஃபேன் ரெண்டு வாடகைக்குப் பிடிச்சிருக்கேன். எவ்வளவு காயும்னு எனக்குத் தெரியலை, இந்தத் தடவை தெரியாததைச் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கிற மீனையாவது கொண்டுவாங்க. வண்டி அனுப்பவா? சீக்கிரம் பதில் போடுங்க அக்கா."