கை தூக்கக் கூடாத மூன்று வாரம்

ஜனவரி 5, திங்கள்
நல்ல பனி. பை தயார்: புடவை இரண்டு, சர்க்கரை மாத்திரை, சீப்பு, இந்த நோட்டு. வியாழன் பாண்டிச்சேரியில் ஆபரேஷன். இரண்டு மேல்கையிலும் தொங்கும் தோலையும் மிச்சக் கொழுப்பையும் வெட்டி எடுத்துத் தைப்பார்கள்.

சர்க்கரை வந்தபின் சோற்றைக் குறைத்து, நடந்து, இருபத்தெட்டு கிலோ இறக்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பு வற்றியது, கைத்தோல் மட்டும் தொங்கிவிட்டது. உரசி உரசிப் புண். அதில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று டாக்டருக்கு நான்தான் விளக்கினேன்.

மகன் குமார், போனில்: "அறுபத்தொரு வயசுல அழகு ஆபரேஷனாம்மா? ஊர்ல என்னா பேசுவாங்க?"

"ஊரா வந்து எனக்கு உப்பு வாருது?"

ஆபரேஷன் செலவுக்குச் சங்கிலியை விற்றதற்கும் கோபம். என் கழுத்து, என் கை.

புண் மட்டும் காரணம் இல்லை. யாரும் படிக்காத நோட்டு, எழுதலாம். உப்புக் கூடையைத் தானாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது, ஒருத்தி தூக்கிவிட வேண்டும். எனக்கு அஞ்சலை, அவளுக்கு நான். உப்பளத்தில் பதினாறு வருடம். போன சித்திரையில் வேலை முடிந்து, புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றினேன். எல்லோர் முன்னும் சொன்னாள்: "கையில தூளி கட்டி வச்சிருக்கா பாருங்கடி. புள்ளயப் போட்டு ஆட்டலாம்."

சிரித்தார்கள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். கூடையை வரப்புமேல் வைத்து, குனிந்து, அரைக்கூடையாக நானே ஏற்றிக்கொண்டேன். இனி இந்த நோட்டில் அவள் வெறும் அ. முழுப்பெயருக்கு மை வீண்.

ஜனவரி 8, வியாழன்
ஆஸ்பத்திரி. கூட ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷன். குமார் வந்தான், போட்டான்.

நர்ஸ்: "வீட்ல யாரும்மா பாத்துப்பாங்க? மூணு வாரம் கைய தோளுக்கு மேல தூக்கக் கூடாது. தல வாரக்கூட ஆள் வேணும்."

அவள் குமாரைப் பார்த்தாள். குமார் சுவரைப் பார்த்தான்.

"ஆளு இருக்குது" என்றேன். பொய்.

ஜனவரி 11, ஞாயிறு
வீடு. குமார் காரில் கொண்டுவந்து விட்டான். டீகூடக் குடிக்கவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை தையல், அதன்மேல் இறுக்கமான உறை. முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டை போடச் சொன்னார்கள். இருக்கிறது. செத்துப்போன வீட்டுக்காரருடைய சட்டை நான்கு, உப்புப் பாத்தியில் வெயிலுக்கு நான் போட்டுக்கொண்டவை. கையை மறைத்த சட்டையே மறுபடியும்.

முடிகிறவை: எழுத, பொத்தான் போட, ரசம் வைக்க.
முடியாதவை: தலை வார, கொடியில் துணி போட, மேல் தட்டுப் புளி ஜாடி.
ஆகவே புளியில்லாத ரசம்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்
குமார் வரவில்லை. மாமியார் வீடு, பிரம்மதேசம். "புள்ளைங்க ஆசப்பட்டாங்கம்மா." இத்தனை பக்கத்தில் வந்தும்.

பானை தூக்க முடியாது. குக்கரில் ஒரு பிடி அரிசி. கோலம் போட்டேன், அதற்குக் கை கீழேதான். சிறியது. கோணல்.

ஜனவரி 20, செவ்வாய்
தையல் பிரித்தார்கள். தனியாகப் போய் வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கூனிமேடு வரை நின்றேன்.

கண்டக்டர்: "ஆயா, மேல கம்பியப் புடி."

"புடிக்க முடியாதுப்பா. டிரைவர ஒழுங்கா ஓட்டச் சொல்லு."

வீட்டில் கண்ணாடி முன் உறையைக் கழற்றினேன். மெலிந்த கை. உள்பக்கம் சிவப்பாய் நீளக் கோடு. தொங்கல் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. வெகுநேரம் பார்த்தேன். காட்ட ஆள் இல்லை. உறையை மாட்டிக்கொண்டேன்.

ஜனவரி 23, வெள்ளி
மழைக்காலம் போய், பாத்தியில் சேறு மிதித்துச் சமன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். விடியலில் பெண்கள் கூட்டம் தெருவில். அ. மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"தல என்னாடி காக்கா கூடு மாதிரி கெடக்குது?"

"கெடந்துட்டுப் போவுது. உனக்கென்னா?"

"கைய அறுத்துக்கினியாமே."

"தூளி தொங்குச்சி. கழட்டிட்டேன்."

வேலிக் குச்சியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக: "சும்மா சொன்னதுடி அது. என் வயித்தப் பாரு, ரெண்டு மூட்ட தொங்குது."

நான் சட்டைப் பொத்தானைத் திருகினேன்.

"மேஸ்திரி உப்பு தூக்க ஜோடி பேரு கேக்குறாரு. நான் இன்னும் குடுக்கல."

கூட்டத்தைப் பிடிக்க வேகமாகப் போய்விட்டாள். பிறகு வெயில் ஏறும்வரை அதே இடத்தில் நின்றிருந்தேன். காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு
தலை முழுக்கச் சிக்கு. அரிப்பு. வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அதற்கும் கை தூக்க வேண்டும்.

குமார் போன்: "ஒரு ஆள வெக்கட்டுமாம்மா?"

"நீ வருவியா?"

"லீவு இல்லம்மா."

வைத்துவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்
ஐந்தே முக்கால். பனி. வாசல் படியில் சீப்பு, தேங்காய் எண்ணெய். வேலிப் படலைத் திறந்து வைத்திருக்கிறேன், காற்றுக்கு. மணைப் பலகையில் உட்கார்ந்து, முதுகைத் தெருப்பக்கம் காட்டி, மடியில் வைத்து எழுதுகிறேன். கூப்பிட மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எவளும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தெருமுனையில் பேச்சு. சிரிப்பு. நடுவில் அஞ்சலையின் இருமல்.

திரும்பிப் பார்க்க மாட்டேன்.