முஸ்பிறாவின் வீட்டு மழைத்தொட்டி

கல்முனைக்குடி
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் றிஸ்கானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம், டோஹா வெயிலில் உன்னையும் அவன் சுகமாக வைத்திருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாப்பாவின் முழங்கால் நோவு பரவாயில்லை, வயலுக்குப் போகும்போது இல்லாத நோவு கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் வந்துவிடுகிறது. நேற்றுப் போனில் நீ "அந்தத் தொட்டிய இடிச்சிருங்க உம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கதைத்தால் இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடும், அதனால் எழுதி வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்புகிறேன், ஆறுதலாகப் படி.

தங்கச்சி முஸ்பிறாவுக்கு நீ கட்டுவிக்கும் வீட்டைப் பார்க்க மாப்பிள்ளை றஸ்மியின் உம்மா, ஆயிஷா உம்மா, போன கிழமை வந்தார். அறைகளெல்லாம் பிடித்துப்போயின, வாசலோரம் மழைநீர்த் தொட்டியைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "கிணறு இரிக்கிற வளவுல தொட்டி என்னத்துக்கு மச்சி, தண்ணி உப்பா?" என்று கேட்டார். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு மாநகர சபை தரும் சலுகையை விளக்கினேன். கூரைத் தண்ணீரைச் சேர்த்து, முற்றத்தில் பாதியை மணலாகவே விட்டு, தொட்டி நிரம்பி வழிவதை அந்த மணலுக்குள் இறக்கினால், அனுமதிக் கட்டணத்திலும் கழிவு, சில வருடங்களுக்கு வீட்டுக்குக் கட்டும் சோலைவரியிலும் கழிவு. "கழிவுக்காகவா எங்கட மகன் வானத்தப் பார்த்துக்கிட்டு குந்தணும்?" என்றார். வாப்பா சிரித்துவிட்டார், நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். பிறகு கலியாணத் தரகர் வந்து, தொட்டியை எடுத்து முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தால்தான் நாள் குறிப்பார்களாம் என்றார்.

உன் கோபம் எனக்கு விளங்குகிறது. நானும் முதலில் சலுகைக்காகத்தான் சம்மதித்தேன். ஆனால் தொட்டி எழும்பிய நாளிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பெண்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வீடு கொடுத்துக் கொடுத்து, ஒரு வீடு இருந்த வளவில் இப்போது மூன்று வீடு, மூன்று கிணறு, மூன்று மலக்குழி. மிச்ச மணலையும் கல்லால் மூடினால் மாரி மழை நிலத்தில் ஊறாமல் ரோட்டில் ஓடிக் கடலுக்குப் போய்விடும். பக்கத்து வளவுக்காரி உம்முவின் கிணறு இந்தக் கோடையில் உவர்த்துவிட்டது, சோறாக்க நம்மிடம்தான் தண்ணீர் எடுக்கிறாள். அடுத்தது நம் கிணறாக இருக்கலாம், மகன்.

நேற்று இரவு முஸ்பிறாவிடம் கேட்டேன், இடிக்கச் சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன். "அங்க சமைக்கிறதும் கழுவுறதும் நான்தானே உம்மா. வீட்டு உறுதிப் பத்திரமும் என்ட பேர்லதான் எழுதப் போறீங்க. தொட்டி இரிக்கட்டும், அவர்ட்ட நானே கதைக்கிறன்" என்றாள். இன்று காலை கதைத்தும் விட்டாள். உம்மாவிடம் கேட்டுச் சொல்வதாக றஸ்மி சொன்னாராம், பதில் இன்னும் வரவில்லை. வராமலே போனாலும் தாங்கிக்கொள்வாள் போலத்தான் தெரிகிறது. மேசனிடம் மழைத்தண்ணீரைத் தொட்டிக்கு இறக்கும் கூரைப் பீலியைப் பூட்டச் சொல்லிவிட்டேன். உன்னை மீறிச் செய்ததாக நினைத்துவிடாதே.

வேலையிடத்தில் தண்ணீர் நன்றாகக் குடி, தேத்தண்ணியால் வயிற்றை நிரப்பாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத்தைத் தரட்டும், கண்ணூறு படாமல் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. காலையிலிருந்து தங்கச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். மாப்பிள்ளைக்காகவா என்று வாப்பா பகிடி பண்ணினார். "இல்ல வாப்பா, காக்கா இன்னும் கோவத்துலயா இரிக்காரு?" என்று உன்னைப் பற்றித்தான் கேட்டாள். இன்றைக்கே அவளுக்கு ஒரு கோல் எடு.

உன் நினைவோடு,
உம்மா மர்ழியா